பட்டன் ஃபோன் வாங்கிய மகன்

அச்சகத்தில் எல்லாருக்கும் அவர் 'கட்டிங்'. முப்பத்தொரு வருடமாகக் காகிதம் வெட்டும் எந்திரத்தில் நிற்கிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள். ஐந்நூறு தாள் அடுக்கைத் தட்டிச் சமன் செய்து, எந்திரத்துக்குள் தள்ளி, இரண்டு பக்கமும் இருக்கும் பொத்தான்களை இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். ஒரு கையை எடுத்தாலும் கத்தி இறங்காது. விரல் போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. கட்டிங்கைப் பொறுத்தவரை அது வாய்ப்பூட்டும்கூட. அவர் பேசுவது கையால்தான். நான்கு வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டன.

அவர் மனைவிக்கும் காது கேட்காது. இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். பிறந்த ஒரே மகனுக்குக் காது நன்றாகக் கேட்டது. அந்தப் பிள்ளைக்கு வாய்ப்பேச்சு வருவதற்கு முன்பே கைப்பேச்சு வந்துவிட்டது. ஒன்பதாவது மாதத்தில் பால் வேண்டும் என்று விரலை மூடித் திறந்து கேட்டான். ஆறு வயதில் வீட்டுக்காரரிடம் வாடகை பற்றிப் பேசினான். எட்டு வயதில் வங்கி மேலாளருக்கு எதிரே நாற்காலியில் மண்டியிட்டு நின்று, அவர் சொன்னதை அப்பாவுக்கும் அப்பா சொன்னதை அவருக்கும் மாற்றி மாற்றிச் சொன்னான். நான்காம் வகுப்பில் ஒருமுறை ஆசிரியை பெற்றோரை வரச் சொன்னார். அவர் ஐந்து நிமிடம் பேசினார். பையன் அப்பாவிடம் திரும்பி, "நல்லா படிக்கிறேனாம்" என்று கையால் சொன்னான். கட்டிங் ஆசிரியையின் முகத்தைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். "நல்லா படிக்கிற பிள்ளையைப் பத்திச் சொல்லும்போது டீச்சர் மூக்கு ஏன் இவ்வளவு விடைக்குது?" என்று கேட்டார். இந்தக் கதையை அச்சகத்தில் அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை.

மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகன் படிப்பை முடித்து, ஒன்பது மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் உள்ள பெரிய ஊரில் வேலைக்குச் சேர்ந்தான். பொருள்களை வைக்கும் அட்டைப் பெட்டிகளுக்கு வடிவம் வரையும் வேலை. அன்றிலிருந்து ஞாயிறு காலை பத்து மணி என்பது கட்டிங்குக்கு வாரத்தின் அச்சாணி ஆயிற்று. சாப்பாட்டு மேசையில் தண்ணீர் ஜாடிக்கு முட்டுக்கொடுத்து ஃபோனை நிறுத்துவார். நாற்காலியை இரண்டரை அடி தள்ளிப் போடுவார், கை முழுதும் திரையில் தெரிய வேண்டும். ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கம் இருக்க வேண்டும். பத்து அடித்ததும் மகனின் முகம் வரும். நாற்பது நிமிடம் இருவரும் பேசித் தீர்ப்பார்கள். இடைப்பட்ட நாள்களிலும் குழாய் சரிசெய்ய ஆள் வந்தால், மருத்துவரைப் பார்க்கப் போனால், கட்டிங் உடனே மகனைத் திரையில் கூப்பிட்டு, ஃபோனை எதிராளியின் முகத்துக்கு நேராகத் திருப்பிவிடுவார். அவன் கேட்டுச் சொல்லுவான். கைக்குள் பிள்ளையை வைத்திருப்பது போல இருந்தது அவருக்கு.

அந்தச் சமயத்தில்தான் அச்சகத்துக்கு விசித்திரமான வேலைகள் வரத் தொடங்கின. இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் வந்து, தங்கள் அப்பா அம்மா காலத்துச் சுவரொட்டி போல ஒன்று வேண்டும் என்றார்கள். பெருத்த எழுத்து, மங்கிய ஆரஞ்சு, ஓரம் தேய்ந்த தோற்றம். கேசட்டுக்குள் வைக்கும் சீட்டுகூட அச்சடிக்கச் சொன்னார்கள். ஒருநாள் கட்டிங் எந்திரத்துக்கு வந்த அடுக்கில் பழுப்பு நிறக் கறை இருந்தது. எண்ணெய் பட்டுவிட்டது என்று நினைத்து இருநூறு தாளையும் கழிவில் போட்டுவிட்டார். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். கூடவே வேலை செய்து அவர் கைப்பேச்சைப் பழகியிருந்த பைண்டர் அவரை இழுத்துப் போய், உதடு தெளிவாகத் தெரியும்படி மெதுவாகச் சொன்னார்:

"அது கறை இல்லப்பா. டிசைன். கறையைத்தான் அச்சடிக்கச் சொல்லியிருக்காங்க."

கட்டிங் கையால் கேட்டார்: "காசு கொடுத்தா?"

"காசு கொடுத்துத்தான்."

"முப்பது வருஷமா ஒரு சொட்டுக் கறை விழுந்தா என்னைத் திட்டினாரே முதலாளி, அவரு இப்ப எனக்கு என்ன சொல்லப் போறாரு?"

பைண்டர் இதை முதலாளிக்குச் சொல்லவில்லை. ஆனால் வாரம் முழுதும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மகனுக்கும் அந்தக் காற்று அடித்தது. ஒரு ஞாயிறு அகலக் காலர் சட்டையோடு திரையில் வந்தான். அடுத்த மாதம் எழுந்து நின்று காட்டினான், தரையைப் பெருக்கும் அளவுக்கு அகலமான கால்சட்டை. அப்பாவின் பழைய சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் இருக்கிறதா என்று கேட்டான். கட்டிங் அதைப் பஞ்சு சுற்றிப் பெட்டியில் வைத்து அனுப்பினார். கூடவே தன் கல்யாணத்துக்கு முந்தைய கட்டம்போட்ட சட்டை ஒன்றும். அதைப் போட்டுக்கொண்டு மகன் வந்தபோது, "என்னையே கூப்பிட்டு நானே பேசுற மாதிரி இருக்கு. மீசையை மட்டும் எடுத்துடு, எனக்கே சகிக்கலை" என்றார். அன்று ஐம்பத்தைந்து நிமிடம் பேசினார்கள். அது அறுபத்தெட்டாவது ஞாயிறு.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு முகம் வரவில்லை. பத்தே காலுக்கு எழுத்தாக ஒரு செய்தி வந்தது. "அப்பா, ஸ்மார்ட் ஃபோனை விட்டுட்டேன். பட்டன் ஃபோன் வாங்கியிருக்கேன். எங்க நண்பர்கள் எல்லாருமே பழைய மாதிரி இருக்கப் பார்க்கிறோம். மனசு அமைதியா இருக்கு. இனிமே இதுல எழுதுங்க. அத்தை வரும்போது பேசலாம்."

அவர் நான்கு முறை படித்தார். பட்டன் ஃபோனில் முகம் வராது என்பது அவருக்குத் தெரியும். மகனுக்குத் தெரியுமா என்பதுதான் புரியவில்லை. தெரியாமல் எப்படி இருக்கும்.

முதலில் அவர் கவலைப்படவில்லை. அச்சகத்தில் எத்தனை மோகம் வந்து போயிற்று என்று அவருக்குத் தெரியும். ஒரு வருடம் எல்லாருக்கும் தங்க நிறம் வேண்டும், மறு வருடம் யாரும் அதைத் தொடமாட்டார்கள். கால்சட்டை அகலம் குறையும்போது ஃபோனும் மாறிவிடும் என்று காத்திருந்தார்.

ஞாயிறு பத்து மணிக்குத் தங்கை வருவாள். மூன்று தெரு தள்ளி இருக்கிறாள், ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு மருமகனிடம் பேசி, ஒற்றைக் கையால் அண்ணனுக்குச் சொல்லுவாள். அவள் கைப்பேச்சு எப்போதும் அரைகுறை. 'வேலை' என்பதும் 'சண்டை' என்பதும் அவள் கையில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

"அத்தை, அப்பா சாப்பிட்டாரா?" என்று அவன் கேட்பான்.

"உங்கப்பாவா? ஃபோனையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காரு. நான் என்னமோ உன்னை இதுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கற மாதிரி."

கட்டிங் அவள் முழங்கையைத் தட்டுவார். "என்ன சொல்றான்? முழுசா சொல்லு."

"நல்லா இருக்கானாம்."

"அவ்வளவு நேரம் உதடு அசைஞ்சுது உனக்கு. 'நல்லா இருக்கேன்' சொல்ல அவ்வளவு நேரமா?"

"அண்ணா, பேசறது நான். சும்மா தோளைத் தட்டாதீங்க, கைல இருக்கற ரெண்டு வார்த்தையும் மறந்து போகுது."

"எப்ப பழைய ஃபோனுக்கு வருவான்னு கேளு."

அவள் கேட்பாள். பிறகு அவன் ஏதோ சொல்லுவான். அவள் அண்ணனைப் பார்க்காமல், "பார்க்கலாம்னு சொல்றான்" என்று கை காட்டுவாள். அவள் எதையோ குறைத்துச் சொல்கிறாள் என்று கட்டிங்குக்குத் தெரியும். மற்றவர்கள் குரலைக் கேட்டு உண்மை பொய் பார்ப்பார்கள், அவர் கண்ணைப் பார்ப்பார்.

எழுத்துச் செய்திகளும் வந்தன. ஆனால் கட்டிங்குக்கு எழுத்து என்பது பிறத்தியார் வீட்டுப் பேச்சு. கையில் ஒரு நொடியில் சொல்வதை எழுத்தில் கோக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆகும். எழுதி முடித்த பிறகும் அது அவர் பேசியது போல இருக்காது. 'சாப்பிட்டேன்', 'உடம்பு பரவாயில்லை', 'மழை'. அதற்கு மேல் போகவில்லை. வீட்டில் அவர் கைகளுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

அறுபத்தொரு ஞாயிறு அப்படிப் போயின. அறுபத்தொன்றாவது வாரம் அவர் ஒரு புது ஸ்மார்ட் ஃபோன் வாங்கி, பெட்டியோடு பையில் வைத்துக்கொண்டு, தங்கையிடம் மட்டும் சொல்லிவிட்டு சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிப் பேருந்தில் ஏறினார். தங்கை, "சொல்லிட்டுப் போங்கண்ணா, அவன் பயந்துடப் போறான்" என்றாள். "அப்பனைப் பார்த்தா பயப்படுவான்?" என்று கேட்டார். அவள் குனிந்து பையின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

மகன் அறையில் இல்லை. பிற்பகல் இரண்டரை மணிக்கு, வீட்டுச் சொந்தக்காரர் எழுதிக் கொடுத்த விலாசத்தில் போய் நின்றார். மிதிவண்டிக் கடைக்கு மேலே ஒரு நீள அறை. வாசலில் பிஸ்கட் டப்பா ஒன்று, அதில் எட்டு ஒன்பது ஃபோன்கள். உள்ளே மரப்பெட்டி போன்ற கருவியில் இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. அகலக் கால்சட்டைகளும் பெரிய கண்ணாடிகளுமாகப் பத்துப் பேர். ஒருத்தி தட்டச்சு எந்திரத்தில் கடிதம் அடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இளைஞனைப் பார்த்ததும் கட்டிங்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய கட்டம்போட்ட சட்டை, அவருடைய கைக்கடிகாரம்.

மகன் எழுந்தான். அவன் கை மார்பு வரை வந்து, அங்கேயே நின்றது. பிறகு வாயால் "அப்பா" என்றான். நண்பர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

வட்டக்கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி ஓடி வந்து, சிரித்த முகமாக நிறையப் பேசினாள். பாதிப் பேச்சில் முதுகைக் காட்டி இசைத்தட்டை மாற்றப் போனாள். திரும்பி வந்து ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். கட்டிங் மகனைப் பார்த்தார். மகனின் உதடு அசைந்தது. அந்த வாக்கியத்தை அவர் வாழ்நாளில் ஆயிரம் உதடுகளில் படித்திருக்கிறார். "அப்பாவுக்குக் காது கேக்காது."

எல்லார் முகமும் ஒரே நேரத்தில் மாறியதில் அவருக்கு விளங்கிவிட்டது. இரண்டரை வருடமாகக் கூடவே இருக்கிற இந்தப் பிள்ளைகளிடம் அவன் அதைச் சொன்னதே இல்லை.

அவர்கள் நல்ல பிள்ளைகள். ஒருவன் அவரை அழைத்துப் போய், இசைத்தட்டுப் பெட்டியின் மரத்தில் அவர் உள்ளங்கையை வைத்தான். அதிர்வு வந்தது, எந்திரத்தின் மேசையில் வருவது போல, ஆனால் மெல்லியதாக. அவர் தலையாட்டினார். வட்டக்கண்ணாடி ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: "சனிக்கிழமை ஆறு மணி வரைக்கும் எங்க ஃபோனை எல்லாம் டப்பாவுல போட்டுடுவோம். அது ஒரு விளையாட்டு மாதிரி. உங்க பையன்தான் நிஜமாவே விட்டுட்டான். ரொம்ப கறார். நாங்க எல்லாம் போலி."

கட்டிங் கண்ணால் நன்றி சொன்னார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆறு மணிக்கு எல்லாரும் வாசல் டப்பாவைச் சுற்றி நின்று அவரவர் ஃபோனை எடுத்தார்கள். எடுத்ததும் தலை கவிழ்ந்தது. வட்டக்கண்ணாடி தன் அம்மாவைத் திரையில் கூப்பிட்டுக் கை ஆட்டினாள். மகன் மட்டும் கையில் ஒன்றும் இல்லாமல் கதவோரம் நின்றான். மற்றவர்களுக்கு முடிந்துபோன விளையாட்டு அவனுக்கு முடியவில்லை. கட்டிங் அதைப் பார்த்தார். யாருடைய முகம் வரக்கூடாது என்று அவன் ஃபோனை விட்டிருப்பான் என்பதை அப்போதே எண்ணிப் பார்த்துவிட்டார். எண்ணுவதற்கு ஒரே ஆள்தான் இருந்தார்.

மகனின் அறை சிறியது. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி. கட்டிங் நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு கையால் பேசினார்.

"உனக்குத்தான். ஞாயித்துக்கிழமை மட்டும் எடு. மத்த ஆறு நாள் டப்பாவுல போட்டு வை."

மகன் பெட்டியைத் தொடவில்லை. அவன் கைகள் முதலில் தடுமாறின, வெகுநாள் ஓட்டாத வண்டியைப் போல. "அப்பா, நான் ஃபேஷனுக்காக விடலை."

"தெரிஞ்சுது. ஆறு மணிக்குத் தெரிஞ்சுது."

"ஃபேஷன்னு சொன்னா யாரும் மேல கேக்கமாட்டாங்க. அதான் சொன்னேன்."

"நான் அடிக்கடி கூப்பிட்டதாலயா? குழாய்க்காரன், மீட்டர்காரன்னு?"

"உங்க முகம் திரையில வந்ததும், பின்னாடி யார் நிக்கிறாங்கன்னுதான் முதல்ல பார்ப்பேன். ஞாயித்துக்கிழமைலகூட. யாரும் இருக்கமாட்டாங்க. ஆனா பார்ப்பேன்."

"கூப்பிடறதைக் குறைச்சிருப்பேனேடா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"அது மட்டும் இல்லப்பா." அவன் கொஞ்ச நேரம் கைகளைத் தொடைமீது வைத்திருந்தான். பிறகு தூக்கினான். "அம்மாவோட டாக்டர் ரூம்ல அன்னிக்கு. அவரு வாயால நாலு வார்த்தை சொன்னாரு. சொல்லிட்டு ஃபைலை மூடிட்டாரு. அவருக்கு அதோட முடிஞ்சுது. அதை அம்மாகிட்ட சொன்னது நான். அம்மா டாக்டரைப் பார்க்கவே இல்ல. என் கையைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. எனக்குப் பதினெட்டு வயசுப்பா. சொல்லி முடிச்சதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க, நான் மேல எதுவும் சொல்லக்கூடாதுன்னு."

கட்டிங் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டார்.

"உங்ககிட்ட பேசலாம்னு கையைத் தூக்கினா, அந்தக் கைதான் வருது. வாயால பேசினா வரலை. அத்தைகிட்ட பேசினா வரலை. என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை."

அந்த நாள் கட்டிங்குக்கு நன்றாக நினைவிருந்தது. திங்கட்கிழமை, காலை பதினொன்று இருபது, பதினான்காம் எண் அறை. வெளியே வராந்தாவில் மூன்றாவது நாற்காலியில் தங்கை உட்கார்ந்திருந்தாள். கதவிலிருந்து பதினேழு அடி. அவளைக் கூப்பிட்டிருக்கலாம். அவர் வேண்டுமென்றேதான் கூப்பிடவில்லை. அவள் கை அரைகுறை, ஒன்றை ஒன்றாகச் சொல்லிவிடுவாள், மருத்துவர் சொல்வதில் ஒரு சொல் மாறினாலும் ஆபத்து என்று நினைத்தார். மகனின் கை சுத்தமானது. அதனால் மகனின் தோளில் கை வைத்து, 'நீ சொல்லு' என்று முன்னே நகர்த்தினார். அவன் ஒரு சொல்கூடத் தவறாமல் சொன்னான். ஆறு வருடமாக அதை அவர் பெருமையாக அச்சகத்தில் சொல்லிவந்திருக்கிறார். ஆசிரியை கதையைச் சொல்லி முடித்ததும் அதைத்தான் சொல்லுவார்: என் பிள்ளை அன்றைக்கு ஒரு சொல் தவறவில்லை.

ஒரு சொல் தவறியிருந்தால்தான் என்ன. தங்கையைக் கூப்பிட்டு அவள் குழப்பியிருந்தால், அழுதிருப்பாள், மனைவிக்கு ஒரு நாள் தாமதமாகத் தெரிந்திருக்கும். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

அவர் மார்பில் முஷ்டியை வைத்து ஒருமுறை சுழற்றினார், மன்னிப்பு என்பதற்கு. மகன் வேகமாகத் தலையை ஆட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்ததும், தான் செய்ததைப் பார்த்துத் திடுக்கிட்டு விட்டுவிட்டான்.

பிறகு கட்டிங் ஃபோன் பெட்டியை எடுத்துப் பையில் போட்டார். "அத்தைக்கு வாங்கினதுன்னு சொல்லிக்கிறேன். அவ ஃபோன் தண்ணில விழுந்துடுச்சு."

"நிஜமாவா?"

"இல்ல."

மகன் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "அத்தை நம்பமாட்டாங்க."

"நம்பவேண்டாம். வாங்கிக்கிட்டா போதும்."

மறுநாள் காலை ஏழு மணிப் பேருந்து. அவருக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. கண்ணாடி திறக்காத வண்டி. கிளம்ப இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. கீழே நின்ற மனிதர்கள் உள்ளே இருந்தவர்களிடம் வாயைப் பெரிதாகத் திறந்து கத்தினார்கள். உள்ளே இருந்தவர்கள் காதில் கை வைத்து, கேட்கவில்லை என்றார்கள். ஒரு பெரியம்மா கண்ணாடியில் தட்டிக்கொண்டே இருந்தாள். அந்தப் பேருந்து நிலையத்திலேயே இந்த நான்கு நிமிடமும் தடையில்லாமல் பேசக்கூடியவர்கள் இரண்டே பேர்தான். ஊருக்குப் போனதும் என்ன செய்ய வேண்டும், சட்டையின் இரண்டாவது பொத்தான் தளர்ந்திருக்கிறது, அந்த வட்டக்கண்ணாடிப் பெண் யார் என்று எல்லாவற்றையும் பேசியிருக்கலாம்.

மகன் அகலக் கால்சட்டையின் பைகளில் கைகளை விட்டுக்கொண்டு நின்றான். அவன் வலது கையின் மணிக்கட்டு பையிலிருந்து மெல்ல மேலே வருவது தெரிந்தது. அவன் கஷ்டப்பட்டுத்தான் எடுக்கிறான் என்பதும் தெரிந்தது.

கட்டிங் முந்திக்கொண்டார். இரண்டு கைகளையும் மடியில் இருந்த பைக்கு அடியில் வைத்து, உதட்டை மட்டும் அசைத்தார். "வரேன்."

மகனின் கை நின்றது. அப்படியே பைக்குள் திரும்பிப் போயிற்று. அவன் தோள் இறங்கியது, பாரத்தைக் கீழே வைத்தவனைப் போல. அவனும் உதட்டால் சொன்னான். "சரிப்பா. பார்த்துப் போங்க."

வண்டி கிளம்பி, நிலையத்தைத் தாண்டி, பெரிய சாலைக்கு வந்தது. நடத்துநர் வந்து ஏதோ கேட்டார். கட்டிங் கவனிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் தோளைத் தொட்டு, சீட்டைக் காட்டச் சொல்லி விரலால் சைகை செய்தார். அப்போதும் பைக்கு அடியிலிருந்து கைகளை எடுக்க அவருக்கு நேரமாயிற்று.